அவளிடம் சொன்னேன்

2018 நவம்பர் 11, ஞாயிறு
பாளையங்கோட்டை

இடது கால் வீக்கம். ஆராதனைக்குப் போகவில்லை. நாகர்கோவில் அச்சகத்திலிருந்து மரியசெல்வம் மெய்ப்புப் படிகள் அனுப்பியிருக்கிறார், முதல் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஜார்ஜிய–தமிழ் அகராதி. முப்பத்தொரு வருஷமாக பிஸ்கட் டப்பாக்களில் அட்டைகளாகக் கிடந்தது. முதல் பக்கத்திலேயே பதினாறு பிழை.

பதினொரு மணிக்கு சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் உச்சிமாகாளி, விசைத்தறி வைத்திருக்கிறார். மனைவி செண்பகவடிவு. ஒரே மகள் கோமதி செப்டம்பரில் மருத்துவம் படிக்கத் திபிலிசிக்குப் போயிருக்கிறாள். விடுதி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஜார்ஜியா பாஷை தெரிஞ்சவங்க பாளையங்கோட்டையிலேயே இருக்காவன்னு ஒரு சார் சொன்னாவ. நம்பவே முடியல டீச்சர்" என்றார் உச்சிமாகாளி. எனக்கே சில நாள் நம்ப முடிவதில்லை.

செண்பகவடிவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு ரூம் வேணும். நல்ல பொம்பள இருக்க வீடா இருக்கணும். உங்களுக்கு அங்க யாராவது தெரியுமா?"

தெரியும். நானுலி. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் திபிலிசி விடுதியில் என் அறைத்தோழி. கணவர் இறந்துவிட்டார். பேரன் போலந்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் முன்னாலேயே கூப்பிட்டேன். நானுலி சத்தமாகப் பேசுகிறவள். என்ன சொல்கிறாள் என்று இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"நாளைக்கே வரட்டும்னு சொல்லுதா" என்றேன்.

செண்பகவடிவு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 19

கோமதி குடியேறிவிட்டாள். நானுலிக்கு ஜார்ஜியமும் ருஷ்யமும்தான் தெரியும். கோமதிக்குத் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம். நடுவில் நான், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம். நானுலி செல்போனில் தட்டச்ச மாட்டாள். காகிதத்தில் எழுதிப் படம்பிடித்து அனுப்புவாள். அதைத் தமிழில் கோமதிக்குச் சொல்வேன். கோமதி குரலில் அனுப்புவதை ஜார்ஜியத்தில் நானுலிக்குச் சொல்வேன்.

நானுலியை 'தெய்தா' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். தாயின் உடன்பிறந்தவள் என்று பொருள்.

நவம்பர் 27

இன்று கடத்தியவை: குப்பையைப் படிக்கட்டில் வைக்காதே. தெய்தா, இந்தத் தயிர் ஏன் புளிக்கவே மாட்டேங்குது? ஈரத்தலையோடு வெளியே போகாதே. தெய்தா, உங்க சின்ன வயசு போட்டோ பாத்தேன், சினிமா நடிகை மாதிரி இருக்கீங்க.

கடைசியை நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். நானுலி அரைப் பக்கம் பதில் எழுதினாள்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு என் ஜார்ஜியத்துக்கு வேலை வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் செல்போனைத் தேடுகிறேன்.

டிசம்பர் 8

மழை. மெய்ப்பின் அடுத்த கட்டு, 140வது பக்கம். மரியசெல்வம் நூலாசிரியர் குறிப்பு கேட்கிறார். பத்து வரிக்குள் வேண்டுமாம்.

1949இல் பிறந்தேன். ருஷ்ய மொழி படிக்க மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டேன். அங்கே ஒரு நூலகத்தில் ஜார்ஜியப் புத்தகம் ஒன்றைத் தற்செயலாக எடுத்தேன். தமிழ் தெரியாத யாரோ தமிழை எழுதிப் பார்த்ததுபோல் இருந்தது அந்த எழுத்து. மூடிவைக்க மனம் வரவில்லை. 1975 அக்டோபரில் ரயிலேறித் திபிலிசிக்குப் போய்விட்டேன். ஐந்து வருஷம் ஆராய்ந்தது ஒரே ஒரு வினை வடிவத்தை. கண்ணால் கண்டதற்கு அவர்களிடம் ஒரு வடிவம் உண்டு. காணாமல், பிற்பாடு தெரிந்துகொண்டதற்கு வேறொன்று. நாம் 'வந்தான்', 'வந்தானாம்' என்பதுபோல, ஆனால் இன்னும் நுட்பமாக. லெனின்கிராடு பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றித் தவறாக எழுதியபோது பதினான்கு பக்க மறுப்பு எழுதினேன். அடுத்த பதிப்பில் அவர் திருத்திக்கொண்டார்.

1981இல் அப்பா படுத்தார். மூன்று மாத விடுப்பில் வந்தேன். அப்பா ஒன்பது வருஷம் இருந்தார். அதற்குள் அங்கே நாடே மாறிவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரியில் ருஷ்ய மொழி நடத்தினேன். மாணவர்கள் நின்றதும் துறையை மூடி என்னை நூலகத்தில் உட்காரவைத்தார்கள். தமிழில் ஜார்ஜிய இலக்கணம் எழுதினேன். முந்நூறு பிரதி. நாற்பத்தொன்று விற்றது. 'ஜார்ஜியா அமெரிக்காவில்தானே இருக்கிறது?' என்று கேட்டு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது.

இதைப் பத்து வரியில் எப்படி எழுதுவது? 'திபிலிசியில் பயின்றவர்' என்று மட்டும் போடச் சொன்னேன்.

டிசம்பர் 21

கோமதி பனி பெய்யும் படம் அனுப்பினாள். செண்பகவடிவு மகளுக்குப் பார்சலில் கறிவேப்பிலைப் பொடி அனுப்பியிருந்தாள். நானுலி அதை மருந்து என்று நினைத்து, வெந்நீரில் கலந்து முழங்கால் வலிக்குக் குடித்திருக்கிறாள். வலி குறைந்ததாம். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

2019 ஜனவரி 3, வியாழன்

நானுலியிடமிருந்து நெருக்கமாக எழுதிய இரண்டு பக்கம். முழங்கால், பேரனின் புது வேலை, புத்தாண்டு விருந்துக்குக் கோமதி அக்ரூட் அரைத்துக் கொடுத்தது, காற்று, காஸ் கீசர், பண்டிகை விடுமுறையால் பதினான்காம் தேதிவரை எந்த மெக்கானிக்கும் வரமாட்டான் என்ற புலம்பல். கோமதிக்குச் சொல்லவேண்டியதும் இருக்கிறது. நாளை.

கடிதத்தில் என் வினை வடிவத்துக்கு அருமையான எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்தது. புத்தகத்திலிருந்து பொறுக்கியது அல்ல, வீட்டுப் பேச்சில் தானாக விழுந்தது. உடனே அட்டையில் எழுதி மெய்ப்பிலும் ஓரத்தில் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் மெய்ப்பை நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடவேண்டும்.

ஜனவரி 4

மெய்ப்பு.

ஜனவரி 5

மெய்ப்பு. கண் எரிகிறது. செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 7

மெய்ப்பு கூரியரில் போய்விட்டது. இன்று ஜார்ஜியர்களுக்குக் கிறிஸ்துமஸ். நானுலிக்கு வாழ்த்துச் சொன்னேன். நாளை மறுநாள் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம்.

கோமதியின் குரல் வந்திருந்தது. "டீச்சர், இங்க பயங்கரக் குளிரு. ஆனா வெந்நி சுடச்சுட வருது. பாத்ரூம் ஜன்னல்ல துணி வச்சு நல்லா அடைச்சிட்டேன். இப்ப காத்தே வரல."

'கெட்டிக்காரி' என்று பதில் போட்டேன்.

ஜனவரி 10

காலை ஏழரைக்கு உச்சிமாகாளி கூப்பிட்டார். "டீச்சர், பிள்ள பேச மாட்டேங்கா, நேத்திலிருந்து. இங்கிலீஷ்ல யாரோ போன் பண்ணி என்னமோ சொல்லுதாவ. ஒண்ணும் விளங்கல. நீங்க அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நானுலி எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. நான்காவது முறை பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். நானுலி தங்கை வீட்டிலிருந்து திரும்பியபோது குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காஸ் கீசரிலிருந்து வரும் புகைக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது.

உச்சிமாகாளியிடம் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? அவர் "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 11

நானுலி கூப்பிட்டாள். வெகுநேரம் அழுதாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன்.

ஜனவரி 18

சங்கரன்கோவில். திருவனந்தபுரத்திலிருந்து பெட்டி வந்தது. தெரு முழுக்கத் தறிச்சத்தம் நின்றிருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று யாரோ அதிகாரி சொல்லியனுப்பியிருந்தார். முகம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கண்ணாடி.

செண்பகவடிவு அழவில்லை. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "டீச்சர், அந்த ஊர்ல அவ்வளவு குளிருமா?"

"குளிரும்."

"எம்பிள்ளைக்கு வெயில்னாதான் ஆவாது. குளிரத் தாங்குவான்னு நெனச்சேன்."

மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 2

உச்சிமாகாளி ஒரு உறையோடு வந்தார். திபிலிசி போலீஸ் முடிவு, பதினொரு பக்கம். விபத்து என்று முடித்துவிட்டார்கள். அதில் நானுலியின் வாக்குமூலம் மூன்று பக்கம்.

"தூதரகத்துல இங்கிலீஷ்ல ரெண்டு பாரா குடுத்தாவ. அது எங்களுக்குப் போதாது டீச்சர். என்ன நடந்துச்சுன்னு வடிவு படிக்கணும்னு சொல்லுதா. ஒரு சொல்லு விடாம தமிழ்ல எழுதித் தாங்க. உங்கள விட்டா எங்களுக்கு யாருமில்ல."

உண்மைதான். இந்த மாநிலத்தில் வேறு யாருமில்லை.

பிப்ரவரி 5

முடிவுரையை முடித்தேன். பிரேதப் பரிசோதனையும் முடிந்தது. சில சொற்கள் என் அகராதியில் இல்லை. இருக்கவேண்டியவை.

பிப்ரவரி 6

நானுலியின் வாக்குமூலம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். 'எங்களுக்குள் எல்லாப் பேச்சும் இந்தியாவிலுள்ள என் தோழி வழியாகவே நடந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில், 'புகைக்குழாயைச் சரிசெய்யும் வரை குளிக்கும்போது ஜன்னலைக் கட்டாயம் திறந்து வைக்கவேண்டும் என்று சொன்னேன்.' யாரிடம்? வினைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. ஒருவரிடம் சொன்னேன். ஜார்ஜியத்தில் ஆண், பெண், மரியாதை எதுவும் அங்கே தெரியாது. தமிழ் அப்படி விடாது. அவளிடம் என்று எழுதவேண்டும், அல்லது அவரிடம் என்று.

நானுலிக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே அறையில் ஒரே போர்வையில் கிடந்தவர்கள். அவள் தமிழில் பேசினால் என்னை 'அவர்' என்றா சொல்லப்போகிறாள்? தோழியைத் தோழி 'அவள்' என்பதுதான் இயல்பு. ஆகவே 'அவளிடம் சொன்னேன்' என்பது இலக்கணப்படி சரியான மொழிபெயர்ப்பு. யாரும் குற்றம் சொல்லமுடியாது.

அப்படியே எழுதினேன்.

பிப்ரவரி 8

சங்கரன்கோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். செண்பகவடிவு பத்தாவது வரை படித்தவள். விரலை வைத்து, வாய்க்குள் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"சொல்லிருக்காவளா?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். "ஏட்டி, உங்கிட்ட சொல்லிருக்காவல்லா? ஒரு ஜன்னலத் தொறந்து வச்சா உனக்கு என்னட்டி? சொன்ன பேச்சக் கேக்கக் கூடாதுன்னே பொறந்தியா?"

உச்சிமாகாளி, "விடு வடிவு" என்றார்.

"எப்பவும் இப்படித்தான். மழையில நனையாதன்னா நனைவா. ராத்திரி பூரா படிக்காதன்னா படிப்பா. நான் அந்தம்மாவயில்லா நெதம் திட்டிட்டுக் கெடந்தேன்."

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

பிப்ரவரி 20

மரியசெல்வம் அழைத்தார். அட்டைக்கு என்ன நிறம் வேண்டும்? நீலம் என்றேன்.

பிப்ரவரி 26

நானுலி இப்போது எழுதுவதில்லை. நானும்.

மார்ச் 3

உச்சிமாகாளி தனியாக வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சட்டைப்பையில் ஒரு புகைப்படம். சுவரிலிருந்து வடிவு கழற்றி எறிந்ததாம். கண்ணாடி உடைந்த கீறல் கோமதியின் கன்னத்தில் ஓடியது.

"இன்னைக்கு வரைக்கும் அவ அழல டீச்சர். பிள்ளையோட துணிமணி எல்லாத்தயும் தூக்கிக் குடுத்துட்டா. சொந்தக்காரங்க யாராவது துக்கம் கேக்க வந்தா, 'அவளா தேடிக்கிட்டா, சொன்னாங்க, கேக்கல'ன்னு சொல்லுதா. பெத்த தாயி அப்படிச் சொல்லலாமா? நீங்க படிச்சவங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்த சொன்னா கேப்பா."

புகைப்படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவ அப்படி அடங்காத பிள்ள இல்ல டீச்சர். எங்கிட்ட ஒரு சொல்லு எதுத்துப் பேசுனதில்ல. ஜன்னல அடைக்காதன்னு சொன்னா அடைக்க மாட்டா. அதான் எனக்கு விளங்க மாட்டேங்கு" என்றார்.

வருகிறேன் என்றேன்.

மார்ச் 5

அகராதி வந்துவிட்டது. ஐந்து கட்டு. நீல அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பிரதியை எடுத்து 87வது பக்கத்தைத் திறந்தேன். 'கப்ஸாருலா: (காணாத வினை) விரிசல் விட்டிருக்கிறது. எ-டு: கீசர் புகைக்குழாய் விரிசல் விட்டிருக்கிறது.'

ஜனவரி 3ஆம் தேதி நானுலி எழுதியது. என் கையால் அட்டையில் எழுதி, என் கையால் மெய்ப்பில் சேர்த்தது. அவள் அப்போதுதான் கவனித்திருக்கிறாள், காற்றில் எப்போது உடைந்ததென்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த வடிவம். அந்த அழகைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வரி: 'ரூபா, குழந்தையிடம் இன்றே சொல்லிவிடு, எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கவேண்டும்.' அதையும் படித்தேன். படிக்கவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். படித்தேன்.

நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாம் தேதி. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் தேதி அந்தப் பிள்ளையே ஜன்னலை அடைத்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னது. கெட்டிக்காரி என்று பதில் போட்டேன். அப்போதும் எனக்கு நினைவு வரவில்லை. மெய்ப்பை அனுப்பிய சந்தோஷத்தில் இருந்தேன்.

ஜனவரி 11 அன்று நானுலி கேட்ட கேள்வி: 'நீ அவளிடம் சொன்னாய்தானே?' சொன்னேன் என்று பதில் சொன்னேன்.

மார்ச் 7

காலை எட்டு மணிப் பஸ். நானுலியின் கடிதத்தைப் படியெடுத்துக்கொண்டேன். ஏழாம் தேதிக் குரல் செல்போனில் இருக்கிறது.

வீட்டில் இருவர் மட்டும். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

"வடிவு, அந்தத் தாள்ல 'அவளிடம் சொன்னேன்'னு நான் எழுதுனது கோமதிய இல்ல. நானுலி சொன்னது எங்கிட்ட. கோமதிகிட்ட நான்தான் சொல்லணும். நான் சொல்லல."

அவளுக்கு விளங்கவில்லை. "மறந்துட்டீங்களா?"

"மறந்தேன்னும் சொல்லலாம். எனக்கு வேற வேல இருந்துச்சு. அதுதான் எனக்குப் பெருசா இருந்துச்சு."

பிறகு ஏழாம் தேதிக் குரலைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அது அவர்களுடையது. "பாத்ரூம் ஜன்னல்ல துணி வச்சு நல்லா அடைச்சிட்டேன். இப்ப காத்தே வரல." அந்தக் குரலில் எவ்வளவு பெருமை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

செண்பகவடிவு செல்போனைக் கையில் வாங்கி இன்னொரு முறை கேட்டாள். பிறகு, "அப்ப எம்பிள்ளைக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாது."

"யாரும் அவகிட்ட சொல்லல."

"சொல்லல."

"நான் அவளத் திட்டுனேன். செத்த பிள்ளயத் திட்டுனேன்."

அப்போதுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். "கோமு, அம்மாவ மன்னிச்சிருட்டி. அம்மாவுக்குத் தெரியாதுட்டி." தறிச்சத்தத்தையும் மீறிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெகுநேரத்துக்குப் பிறகு எழுந்துபோய் அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தாள். பேனாவையும்.

"மாத்துங்க."

'அவளிடம்' என்பதை அடித்தேன். மேலே 'அவரிடம்' என்று எழுதப்போனேன்.

"அவரும் வேண்டாம், இவரும் வேண்டாம். பேர எழுதுங்க."

'ரூபாவதியிடம் சொன்னேன்' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னாள். போட்டேன். அவள் சத்தமாகப் படித்தாள், வந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

"இனிமே எங்க வாசப்படி ஏறாதீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உச்சிமாகாளி தெருமுனை வரை வந்தார். பஸ் வரும்வரை நின்றுவிட்டுப் போனார். அதுவும் எனக்காக அல்ல, பழக்கத்தினால்.

மார்ச் 8

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15

மரியசெல்வம் வெளியீட்டு விழா வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 22

நானுலியிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று முறை செல்போனை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். அவளைப் போலீஸ் மொத்தம் ஐந்து முறை கூப்பிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருக்கிறாள். மாடியில் இருப்பவர்கள் அவளோடு பேசுவதில்லை. குளியலறையைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டில் போய்க் குளிக்கிறாள்.

மார்ச் 30, சனி

மாலை நாலு மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால் செண்பகவடிவு. தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை.

"அந்தம்மாகிட்ட பேசணும். கடைசி ரெண்டு மாசம் எம்பிள்ள கூட இருந்தது அவங்கதான். எனக்குப் பாஷ தெரியாது. அதுக்குத்தான் வந்தேன். உங்களப் பாக்க வரல."

"தெரியும்."

"நான் சொல்லுதத அப்படியே சொல்லணும். அவங்க சொல்லுதத அப்படியே சொல்லணும். ஒண்ணு கூட்டக் கூடாது, ஒண்ணு விடக் கூடாது."

நானுலி உடனே எடுத்தாள். கோமதியின் தாய் பேசுகிறாள் என்றேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. பிறகு அவள் மன்னிப்புக் கேட்டாள். குழாயை டிசம்பரிலேயே பார்த்திருக்கவேண்டும், அன்று தங்கை வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது என்றாள். சொல்லச்சொல்ல நான் தமிழில் சொன்னேன். செண்பகவடிவு தலையை ஆட்டிக் கேட்டாள்.

பிறகு நானுலி சொன்னாள்: "நான் ரூபாவிடம் சொன்னேன். ரூபா ஒரு எழுத்தைக்கூடத் தவறவிட மாட்டாள், நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். குழந்தைக்குக் குளிர் தாங்கியிருக்காது, அதனால் அடைத்திருப்பாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்."

செண்பகவடிவு, "என்ன சொன்னாவ?" என்றாள்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். அன்று தெருப்பெண்கள் முன்னால் பார்த்த பார்வை இல்லை. "இவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது. சொன்னேன்னு பொய் சொல்லிருக்கேன்."

"இப்ப சொல்லுங்க. நான் இருக்கேன்."

ஜார்ஜியத்தில் சொன்னேன். "நானுலி, நான் குழந்தையிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தை அன்றே படித்தேன். சொல்லவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன்." இந்த மொழியில் நான் பேசிய மிக எளிய வாக்கியங்கள் இவைதான். முதலாண்டு மாணவிகூடப் பேசிவிடுவாள்.

அந்தப் பக்கம் தெருவில் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள். "நானுலி" என்றேன். பிறகு சத்தம் எதுவும் இல்லை.

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"வச்சிட்டாவளா?"

"வச்சிட்டா."

செண்பகவடிவு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில வாரேன். மறுபடியும் கூப்பிடுங்க. எடுக்கலேன்னா அதுக்கு மறுநாள் வாரேன். பிள்ள அன்னைக்கு என்ன சாப்பிட்டான்னு நான் இன்னும் கேக்கல."